கமரா கதைக்கும், வயர் சரியாக இருந்தால்

இம்முறை கமராக் கேள்விகள் மட்டும். வெளிநாட்டுச் சொந்தங்கள் விடுமுறைக்கு வந்து அலுமாரியைத் திறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. வந்த கடிதங்களில் பாதி, மினி டீவீ கசற்றைக் கையில் வைத்துக்கொண்டு ‘இதை என்ன செய்வது?’ என்று கேட்கின்றன.

கே: 2003இல் சுவிஸ் மாமா தந்துவிட்டுப் போன சோனி கமராவை யூ.எஸ்.பி. வயரால் லப்டொப்பில் கொழுவினேன். அக்காவின் கலியாணத்துக்குப் பதிலாக ஆட்டுக்குட்டிப் படம் மூன்று வருகிறது. கலியாணம் எங்கே போனது?
– ஒரு தம்பி, பெரியகல்லாறு 2

ப: கலியாணம் கசற்றில் பத்திரமாக இருக்கிறது, தம்பி. ஆட்டுக்குட்டி இருப்பது மெமரி காட்டில். அந்தக் காலத்துக் கமராக்களில் பெரும்பாலானவற்றுக்கு யூ.எஸ்.பி. என்பது போட்டோ போகிற வழி மட்டும். சில கமராக்கள் அதே வழியால் வீடியோவையும் அனுப்பும். ஆனால் முத்திரை அளவுப் படம், நொண்டி நொண்டி வரும். அதில் அக்காவைப் பார்த்தால் அத்தானே அடையாளம் காணமாட்டார்.

கமராவின் பக்கவாட்டில் ஒரு இறப்பர் மூடி இருக்கும். திறந்து பாருங்கள், உள்ளே ஒரு சின்னத் துளை. சோனி அதற்கு ஐ-லிங்க் என்று பெயர் வைத்தது; கனொனும் பனசொனிக்கும் டீவீ என்று எழுதின; அப்பிள் பயர்வயர் என்றது; பொறியியலாளர்கள் 1394 என்று இலக்கம் போட்டார்கள். நாலும் ஒன்றுதான். 1995இல் மினி டீவீ கமரா கடைக்கு வந்தபோதே இதுவும் கூட வந்துவிட்டது. உங்கள் அக்கா வெளியே வரவேண்டிய வாசல் அது.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தக் கசற்றுக்குள் எண்களாகத்தான் எல்லாம் பதிந்து கிடக்கிறது. செக்கனுக்கு 3.6 மெகாபைட், மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 13 ஜிகாபைட். பயர்வயரால் எடுத்தால் அது வெறும் கொப்பி. ஒரு புள்ளி குறையாது. மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயரால் எடுத்தால் எண்களை அலையாக்கி, அந்த அலையைத் திரும்பவும் எண்களாக்கி, போகிற வழியெல்லாம் சிந்திக்கொண்டே வரும். ‘கன்வேட் பண்ணித் தாறன்’ என்று ஒருவர் சொன்னால், எந்த வயரால் என்று முதலில் கேளுங்கள். விலையைப் பிறகு கேட்கலாம்.

கசற்றை உள்ளே போடுமுன் அதன் முதுகிலுள்ள சின்னத் தாழ்ப்பாளை ‘சேவ்’ பக்கம் தள்ளிவிடுங்கள். வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். சிவப்புப் பொத்தானைக் கண்டால் அவர்கள் சும்மா இருக்கமாட்டார்கள்.

கே: இணையத்தில் ஒரு வயர் வாங்கினேன். ஒரு முனை பயர்வயர், மறுமுனை யூ.எஸ்.பி. மலிவு. கொழுவினால் ஒரு அசுமாத்தமும் இல்லை. கமரா பழுதா?
– ஆசிரியை ஒருவர், களுவாஞ்சிகுடி

ப: கமரா பழுதில்லை, அக்கா. வயரும் பழுதில்லை, அதனால் செய்ய முடிந்ததைத்தான் அது செய்கிறது, அதாவது ஒன்றுமில்லை.

யூ.எஸ்.பி. முறையில் கணினிதான் முதலாளி. அது கேட்டால்தான் மறுபக்கம் வாய் திறக்கும். பயர்வயரில் முதலாளியே கிடையாது. இரண்டு பக்கமும் சமம், கணினி இல்லாமல் கமராவும் கமராவும் நேரே கதைத்துக்கொள்ளும். இந்த இரண்டு வழக்கத்துக்கும் நடுவில் நின்று பேச ஒரு சிப் வேண்டும். உங்கள் வயருக்குள் செம்புக் கம்பி மட்டும் இருக்கிறது. விற்றவர் பொய் சொல்லவில்லை என்றுகூட வாதாடலாம்: இரண்டு முனையும் பொருந்தும் என்றார், பொருந்தியது. அந்த வயரை இனி எதிலும் கொழுவாதீர்கள். பயர்வயரின் பெரிய முனையில், ஆறு ஊசி உள்ளதில், மின்சாரமும் வரும். 30 வோல்ற் வரை போகக்கூடியது. 5 வோல்ற்றுக்குப் பழகிய யூ.எஸ்.பி. அதைத் தாங்காது.

வழி இரண்டு. மேசைக் கணினி இருந்தால் அதன் போட்டில் குத்துகிற பயர்வயர் காட் ஒன்று வாங்குங்கள். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சிப் உள்ளதென்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். அல்லது விண்டோஸ் எக்ஸ்பி காலத்துக் கணினி எவர் வீட்டுக் கட்டிலுக்குக் கீழாவது தூங்குகிறதா என்று விசாரியுங்கள். பழைய சோனி வாயோ லப்டொப் என்றால் பக்கத்திலேயே அந்தத் துளை இருக்கும். இருபது வருடக் கமராவுக்கு இருபது வருடக் கணினிதான் நல்ல சோடி. பொருத்தம் பார்க்கவே தேவையில்லை.

கே: பயர்வயர் காட் போட்டாச்சு. விண்டோஸ் 10. கமராவைக் கொழுவினால் ‘டிங்’ என்கிறது, ஆனால் எந்த மென்பொருளும் கமராவைக் காணவில்லை என்கிறது. வாடிக்கையாளர் கடை வாசலில் நிற்கிறார்!
– கணினிக் கடைக்காரர், கல்முனை

ப: அவருக்கு ஒரு பிளேன்ரீ கொடுத்து இருத்துங்கள், தம்பி.

முதலில் கமராவின் ஆழியைப் பாருங்கள். படம் பிடிக்கும் நிலையில் நின்றால் அது உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும், கசற்றை அல்ல. அதை ‘வீ.சி.ஆர்.’ அல்லது ‘பிளே’ நிலைக்குத் திருப்புங்கள். பற்றரியில் ஓடவிடாதீர்கள், அடப்ரரைக் கொழுவுங்கள். பாதிக் கலியாணத்தில் தாலி ஏறுமுன் பற்றரி இறங்கிவிட்டால் பழி கடைக்குத்தான்.

அது சரியென்றால் குற்றவாளி பெரும்பாலும் விண்டோஸ். 8ஆம் பதிப்பிலிருந்து பழைய 1394 டிரைவரை மைக்ரோசொப்ட் கூடவே தருவதில்லை. அவர்களுடைய தளத்தில் ‘லெகசி’ என்ற பெயரில் தனியாகக் கிடைக்கும். இறக்கி நிறுவியபின் டிவைஸ் மனேஜருக்குள் போய், பயர்வயர் காட்டுக்கு அந்த லெகசி டிரைவரைக் கையால் தெரிவுசெய்ய வேண்டும். தானாக மாறும் என்று காத்திருக்காதீர்கள். பழைய மூவி மேக்கரைத் தேடியும் அலைய வேண்டாம். மைக்ரோசொப்ட் அதை 2017இல் மூட்டை கட்டிவிட்டது. வின்டீவீ என்று ஒரு சின்ன இலவச மென்பொருள் இருக்கிறது. பார்க்க வடிவில்லை, ஆனால் சொன்ன வேலையை மட்டும் செய்யும். அப்படிப்பட்ட மென்பொருள் இப்போது அருமை. லினக்ஸ்காரர் டீவீகிராப்பை வைத்துக்கொள்ளட்டும்.

முக்கியமான ஒன்று: வயரைக் கொழுவும்போதும் கழற்றும்போதும் இரண்டு பக்கமும் நிறுத்தியிருக்க வேண்டும். ஆறு ஊசி முனையைத் தலைகீழாக அமுக்கி, கமராவின் டீவீ துளையை எரித்தவர்கள் உண்டு. கமரா அதற்குப் பிறகும் படம் காட்டும், பாட்டுப் பாடும். கணினியோடு மட்டும் வாழ்நாள் முழுக்கக் கோபம்.

அடுத்த வாடிக்கையாளர் மக் கணினியோடு வந்தால் அதன் இயங்குதளத்தைக் கேளுங்கள். அண்மைக்கால மக்குக்குத் தண்டர்போல்ற் அடப்ரர் இரண்டைத் தொடுத்து, அதன் நுனியில் பயர்வயர் வயரைக் கொழுவி ஒருமாதிரிச் சமாளித்து வந்தார்கள். 2025இல் வந்த 26ஆம் பதிப்பில் அப்பிள் பயர்வயரையே வெட்டிவிட்டது. பெற்ற தாயே கைவிட்ட பிள்ளை.

கே: என்னிடம் ஐம்பது கசற் இருக்கிறது. வேகமாக ஏற்ற வழி உண்டா?
– அவசரக்காரர், ஓந்தாச்சிமடம்

ப: இல்லை. ஒரு மணித்தியாலக் கசற் ஒரு மணித்தியாலம் ஓடும். அதற்குள் சோறாக்கலாம்.

கே: ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ இருபதாவது நிமிடத்தில் நின்றுவிடுகிறது. சரியாக ஐயர் மந்திரம் தொடங்கும் இடம். ஏதும் தோஷமா?
– பெயர் வேண்டாம் என்றவர், துறைநீலாவணை

ப: உங்கள் வெளி ஹாட் டிஸ்க்குக்குத்தான் தோஷம். அது எப்.ஏ.ரி.32 என்ற பழைய முறையில் போமட் செய்யப்பட்டிருக்கிறது. அந்த முறை 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட ஒரே கோப்பை ஏற்காது. டீவீ வீடியோ இருபது நிமிடத்தைத் தொடும்போது அந்த அளவு நிரம்பிவிடும். டிஸ்க்கிலுள்ளதை வேறெங்காவது எடுத்து வைத்துவிட்டு, என்.ரி.எப்.எஸ். முறையில் போமட் செய்யுங்கள். பரிகாரம் அவ்வளவுதான். ஐயருக்குத் தட்சணை தேவையில்லை.

கே: நான் கனடாவிலிருந்து கொண்டுவந்த கசற்றை மச்சானின் கமராவில் போட்டால் படம் வரவில்லை. லண்டன் சித்தியின் கசற் மட்டும் அழகாக ஓடுகிறது. கனடாக்காரருக்கு ஏன் இந்த ஓரவஞ்சனை?
– ரொறன்ரோவிலிருந்து வந்து பெரியகல்லாற்றில் நிற்பவர்

ப: ஓரவஞ்சனைதான், ஆனால் செய்தது நாங்கள் அல்ல. வட அமெரிக்கா என்.ரி.எஸ்.சி. முறை: செக்கனுக்கு ஏறத்தாழ 30 படம், படத்துக்கு 480 வரி. இலங்கையும் இங்கிலாந்தும் சுவிஸும் ஜேர்மனியும் நோர்வேயும் அவுஸ்திரேலியாவும் பால் முறை: 25 படம், 576 வரி. எங்கள் ஆட்கள் போய்க் குடியேறிய நாடுகளில் பெரும்பாலானவை தற்செயலாக ஒரே கட்சியில் சேர்ந்துவிட்டன. கனடாவும் அமெரிக்காவும் மட்டும் மறுகட்சி. மச்சானின் கமரா பால். அது உங்கள் கசற்றைப் படிக்காது.

கசற்றைத் திரும்பக் கொண்டுபோய், கனடாவில் வாங்கிய கமராவாலேயே கணினியில் ஏற்றுங்கள். கோப்பாக மாறியபின் கட்சிபேதம் இல்லை. எந்த நாட்டுக் கணினியிலும் ஓடும். வரும்போது பழைய கமரா ஒன்றையும் கையோடு கொண்டுவந்தால் ஊருக்கே உபகாரம். சொக்கிலேற்றைக் கொஞ்சம் குறைத்தால் பெட்டியில் இடம் வந்துவிடும்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை இரண்டு. 90 நிமிடம் வரட்டும் என்று ‘எல்.பீ.’ முறையில் பதிந்தவர்கள் உண்டு. அதில் காந்தத் தடத்தின் அகலம் 10 மைக்ரோமீற்றரிலிருந்து 7க்கும் கீழே இறங்கிவிடும். பதிந்த கமராவைத் தவிர மற்றக் கமராக்கள் அதைப் படிக்கத் தடுமாறும். மற்றது எச்.டீ.வீ. 2004க்குப் பிறகு வந்த சில கமராக்கள் இதே கசற்றில் உயர்தர வீடியோவை வேறு முறையில் பதிந்தன. அதைச் சாதாரணக் கமராவில் போட்டால் ஒன்றும் தெரியாது. வெறும் கசற் என்று நினைத்து அதன்மேல் பிறந்தநாளைப் பதிந்துவிடாதீர்கள்.

கே: படம் முழுக்கச் சதுரம் சதுரமாக உடைகிறது. கசற் போயிற்றா, கமரா போயிற்றா?
– கவலையோடு ஒருவர், கோட்டைக்கல்லாறு

ப: அதே இடத்தைத் திரும்ப ஓட்டிப் பாருங்கள். முன்பு உடைந்த அதே செக்கனில் அதே மாதிரி உடைந்தால் பெரும்பாலும் கசற்றில் காயம். ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் உடைந்தால் கமராவின் தலையில் அழுக்கு. படம் கிடையாகப் பட்டி பட்டியாகப் பிரிந்து, ஒரு பட்டி அசைய அடுத்தது உறைந்து நின்றால், உள்ளே இருக்கும் இரண்டு தலைகளில் ஒன்று அடைத்துவிட்டது என்று அர்த்தம்.

அந்தத் தலைகள் பொருத்திய உருளை நிமிடத்துக்கு 9000 முறை சுற்றுகிறது. காதுக்குடும்பிப் பஞ்சோடு அதற்குள் கைவிடப் போகிறவர்களுக்காகத்தான் இந்தக் கணக்கைச் சொன்னேன். பஞ்சின் நார் ஒன்று சிக்கினால் கதை முடிந்தது. உலர் சுத்திகரிப்புக் கசற் கிடைக்கிறது. அதைப் பத்து செக்கன் ஓட்டுங்கள், நிறுத்துங்கள், ஒரு பழைய கசற்றைப் போட்டுப் பாருங்கள். சுத்தமாகட்டும் என்று அரை மணித்தியாலம் ஓட்டினால் தலையே தேய்ந்துவிடும். வருடக்கணக்காகக் கிடந்த கசற்றை, ஏற்றுமுன் ஒருதரம் கடைசிவரை முன்னோட்டி முழுதாகப் பின்னோட்டுங்கள். ஒட்டிக்கிடக்கிற நாடா இளகி ஒழுங்காகச் சுற்றிக்கொள்ளும்.

எங்கள் பக்கம் ஒருபுறம் கடல், மறுபுறம் வாவி. உப்புக்காற்று எந்த அலுமாரியையும் விடாது. நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சணம் தெரிந்தால் அந்தக் கசற்றைக் கமராவுக்குள் விடவே கூடாது. அடுத்து வரும் கசற்றுக்கெல்லாம் அது தொற்றும். நல்ல கசற்றுகளை மூடியிறுகும் டப்பாவில், புதுச் சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா பொட்டலங்களோடு வையுங்கள். அரிசிக்குள் புதைக்க வேண்டாம். அரிசித் தூசு கமராவுக்குள் போகும், கசற் மணம் சோற்றுக்குள் வரும்.

கே: கொழும்பிலிருந்து ஏ.சி. வானில் வந்து இறங்கியதும் கமரா ஒரு நீர்த்துளிப் படத்தைக் காட்டிவிட்டு வேலைசெய்ய மறுக்கிறது.
– களைத்துப்போனவர், பெரியகல்லாறு 1

ப: குளிரிலிருந்து எங்கள் புழுக்கத்துக்குள் வந்ததால் உள்ளே ஈரம் பனித்துவிட்டது. கசற் மூடியைத் திறந்து வைத்துவிட்டு ஒரு மணித்தியாலம் விடுங்கள். தலைமயிர் உலர்த்தியைத் தூக்க வேண்டாம். நீங்களும் ஒரு குளிப்புக் குளித்துவிட்டு வாருங்கள்.

கே: 2004 டிசம்பர் 26 சுனாமியில் எங்கள் வீடு போனது. மணலுக்குள் இருந்து அப்பா எடுத்து வைத்த கசற் ஒன்று இருக்கிறது. தம்பியின் மருங்கை வீடியோ. இத்தனை வருடமும் போட்டுப் பார்க்கத் துணியவில்லை. இப்போது போடலாமா?
– ஒரு மகள், பெரியகல்லாறு 3

ப: போடாதீர்கள், மகள். இத்தனை வருடம் போடாமல் வைத்திருந்ததுதான் அந்தக் கசற்றுக்கு நடந்த நல்ல காரியம். காய்ந்த உப்பும் மணலும் நாடாவோடு கிடக்கும். கமராவுக்குள் ஓடினால் அவை நாடாவையும் சுரண்டும், தலையையும் சுரண்டும்; இரண்டாவது வாய்ப்புக் கிடைக்காது. வீட்டில் கழுவவும் வேண்டாம், கையால் சுற்றவும் வேண்டாம். கடதாசி உறையில் போட்டு, வெயில் படாத குளிரான இடத்தில் வையுங்கள். நாடாவை வெளியே எடுத்து, துப்பரவாக்கி, வேறு கூட்டுக்குள் மாற்றிப் படிக்கிற ஆட்கள் வெளிநாடுகளில் தொழிலாகவே இருக்கிறார்கள். செலவு உண்டு. முழுதும் வரும் என்று எவரும் கைகொடுக்கமாட்டார்கள். கொஞ்சமாவது வருவது நடக்கக்கூடியதுதான்.

அதற்கு முன் ஒன்று செய்யுங்கள். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டு விசேஷம் நடந்தால் அதன் வீடியோ கொப்பி வெளிநாட்டுக்குப் போகாமல் இருந்ததா? பெரியப்பாவுக்கு ஒன்று, மாமிக்கு ஒன்று என்று தபாலிலும் வருபவர் கையிலும் அனுப்பினார்கள். கடல் எடுத்த வீடுகளின் கலியாணமும் சாமத்தியச் சடங்கும் பாரிஸ், லண்டன் வீட்டுப் பரண்களில் சீடியாகவும் பெரிய வீ.எச்.எஸ். கசற்றாகவும் இன்னும் கிடக்கின்றன. கிடப்பது அவர்களுக்கே நினைவிருக்காது. ‘மருங்கை வீடியோ இருக்கிறதா?’ என்று மட்டும் கேட்டால் இல்லை என்பார்கள். பரணில் ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒருவரை விடாமல் எல்லோரையும் கேளுங்கள். தம்பியின் படம் கிடைத்தால் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.

கே: 2003 கொக்கட்டிச்சோலைத் தேர். எங்கள் அண்ணனின் கமராவில் தேர் 4.00 மணிக்கு அசைகிறது. வாவி கடந்து பெரியகல்லாற்றிலிருந்து வந்த சொந்தக்காரரின் கசற்றில் அதே தேர், அதே வடம், 4.30 மணி. எது பொய்?
– படுவான்கரை வாசகர்

ப: இரண்டும் மெய். இந்த மாதம் வந்ததில் எனக்குப் பிடித்த கேள்வி இது.

1996 மே மாதம் இலங்கை அரசாங்கம் மின்சாரத்தை மிச்சம்பிடிக்கக் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. ஒக்ரோபரில் அதில் அரை மணித்தியாலத்தைத் திருப்பிக் கொடுத்தது. மீதி அரை மணித்தியாலம் 2006 ஏப்ரல் வரை அப்படியே நின்றது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் இதை ஏற்கவில்லை, பழைய நேரத்திலேயே இருந்தன. ஆகவே வாவிக்கு இந்தப் பக்கம், அரசாங்கத்தின் கையிலிருந்த எழுவான்கரையில் புது நேரம்; அந்தப் பக்கம், புலிகளின் கையிலிருந்த படுவான்கரையில் பழைய நேரம். வாவியைக் கடந்தால் அரை மணித்தியாலம் லாபம். திரும்பி வந்தால் அதே அரை மணித்தியாலம் நட்டம். உங்கள் அண்ணன் படுவான்கரை நேரத்தை வைத்திருக்கிறார், விருந்தாளி வீட்டிலிருந்து கொண்டுவந்த நேரத்தை மாற்றாமலே வந்திருக்கிறார். வரலாற்றுப் பாடப்புத்தகத்தில் இல்லாத ஒன்றை இரண்டு கமராக்கள் எழுதி வைத்திருக்கின்றன.

இந்த நேரம் படத்தின்மேல் எழுதப்பட்டதல்ல. ஒவ்வொரு படத்தோடும் தனியாகக் கசற்றில் பதிந்திருக்கிறது. சோனியில் ‘டேற்றா கோட்’ பொத்தானை அமர்த்தினால் தெரியும், திரும்ப அமர்த்தினால் மறையும். பயர்வயரால் எடுக்கும் டீவீ கோப்பில் அந்தத் திகதியும் நேரமும் கூடவே வரும். மஞ்சள் வயரால் எடுத்தால் தேர் மட்டும் வரும், அந்த அரை மணித்தியாலம் கசற்றிலேயே நின்றுவிடும்.

கே: வடமோடிக் கூத்துக் கசற்றை ஏற்றினேன். ஆட்டக்காரர் சுழலும்போது உடம்பெல்லாம் கோடு கோடாகத் தெரிகிறது. பழைய ரீவியில் இப்படி இல்லையே?
– அண்ணாவியாரின் பேரன், குருமண்வெளி

ப: பழைய ரீவி ஒற்றை வரிகளையும் இரட்டை வரிகளையும் மாறி மாறிக் காட்டியது, செக்கனுக்கு 50 முறை. கமராவும் அப்படியே பிடித்தது. கணினி இரண்டையும் ஒன்றாய்ச் சேர்த்துக் காட்டுவதால் வேகமாகச் சுழலும் கால் இரண்டு இடத்தில் தெரிகிறது. கோப்பில் பழுதில்லை, அதில் கைவைக்காதீர்கள். வீ.எல்.சி. பிளேயரில் ‘டீஇன்ரர்லேஸ்’ என்பதைப் போட்டுப் பாருங்கள். யூரியூப்பில் ஏற்றுவதென்றால் தனியாக ஒரு எம்.பீ.4 கொப்பி எடுத்து, அதில் மட்டும் வரியைச் சரிசெய்யுங்கள். தாத்தாவின் ஆட்டம் வேகமானது என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையா?

கே: ஸ்ரூடியோக்காரர் எப்போதோ டீவீடி ஆக்கித் தந்துவிட்டார். கசற்றை எறியலாமா?
– இடம் போதாதவர், மண்டூர்

ப: டீவீடியில் இருப்பது 13 ஜிகாபைட்டை 4.7க்குள் அமுக்கிய படம். அதைக்கூட மன்னிக்கலாம். ஸ்ரூடியோக்காரர் சத்தத்தை எடுத்துவிட்டு முழுக்கச் சினிமாப் பாட்டைப் போட்டிருப்பாரே, அதை என்ன செய்வது? வெட்டாத கசற்றில்தான் உங்கள் அம்மம்மா பலகாரத் தட்டோடு நின்று கமராக்காரரைப் பார்த்து ‘மனே, முதல்ல சாப்பிட்டுப்போட்டு எடு’ என்று சொன்னது இருக்கும். டீவீடியில் அந்த இடத்தில் அம்மம்மா வாயசைக்க, பின்னணியில் யாரோ காதலிக்கிறார்கள். எறிய வேண்டியதை எறியுங்கள்; எது என்று நான் சொல்லமாட்டேன்.

கே: எல்லாக் கசற்றும் ஏற்றி முடித்தாயிற்று. இனி மூன்று மணித்தியாலக் கலியாண வீடியோவை உட்கார்ந்து யார் பார்ப்பது?
– சலித்தவர், பெரியகல்லாறு 2

ப: மணமகளின் தாய். பந்தி நடக்கும் பகுதியை அவர் இருக்கும்போது வேகமாக ஓட்டிவிடாதீர்கள். அன்று யார் யார் வரவில்லை என்ற கணக்கு அங்கேதான் சரிபார்க்கப்படும்.